சிஃப்சாஃப் கையில் வந்தால்: துணையினம் பிரிப்பது பற்றி வளையமிடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிஃப்சாஃப் என்பது ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் கூடு கட்டும் சின்னஞ்சிறு கதிர்க்குருவி. எடை 6 முதல் 10 கிராம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிரிட்டனின் ஃபேர் தீவு, ஸ்பர்ன் போன்ற கரையோர நிலையங்களில் வலையில் விழும் சிஃப்சாஃப்களில் ஒன்றிரண்டு மட்டும் வழக்கமான பச்சை சாயல் இல்லாமல், சாம்பலும் பழுப்புமாக இருக்கும். 'இது சைபீரியப் பறவையா?' என்ற கேள்வி அப்போதுதான் எழும். பறவையைப் பிடித்து, காலில் எண் உள்ள வளையம் மாட்டிப் பதிவுசெய்து விடுவதுதான் வளையமிடுதல். அதைப் பழகுபவர்கள் இது குறித்துக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

எத்தனை துணையினங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

மூன்று. மேற்கு ஐரோப்பாவில் கூடு கட்டுவது கொல்லிபீட்டா. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கிழக்கு ஐரோப்பா வழியே யூரல் மலை வரை இருப்பது அபியெட்டினஸ். யூரலுக்குக் கிழக்கே சைபீரியா முழுவதும் பரவியிருப்பது டிரிஸ்டிஸ். கொல்லிபீட்டா குளிர்காலத்தை மத்தியதரைக் கடல் ஓரங்களிலும் மேற்கு ஐரோப்பாவிலும் கழிக்கும். அபியெட்டினஸ் தென்கிழக்கு ஐரோப்பா, மத்திய கிழக்கு, வடகிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். டிரிஸ்டிஸின் பெரும்பகுதி இறங்குவது நம் துணைக்கண்டத்தின் வடபகுதியில். 1843-இல் பறவையியலாளர் எட்வர்ட் பிளைத் இதற்குப் பெயர் வைத்ததும் கல்கத்தாவில் கிடைத்த பறவையை வைத்துத்தான். டிரிஸ்டிஸ் என்றால் லத்தீனில் சோகமானது. அதன் ஒற்றைக் குரலைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று விளங்கும்.

கையில் இருப்பது சிஃப்சாஃப்தான், வில்லோ வார்ப்ளர் இல்லை என்று முதலில் எப்படி உறுதி செய்வது?

இந்தப் படியைத் தாண்டிக் குதித்துத் துணையினத்துக்குப் போகாதீர்கள். வில்லோ வார்ப்ளர் சிஃப்சாஃபின் நெருங்கிய உறவான வேறொரு கதிர்க்குருவி. இரண்டும் ஒரே உருவம், ஒரே அளவு. 1768-இலேயே இங்கிலாந்தின் இயற்கையியலாளர் கில்பர்ட் ஒயிட் இவற்றைத் தனித்தனிப் பறவைகள் என்று பிரித்தார் என்றால், அது பாட்டைக் கேட்டுத்தான். கையில் இருக்கும் பறவை பாடாது. அதனால் இறக்கையைத்தான் படிக்க வேண்டும்.

பறவையை வளையமிடும் பிடியில் வையுங்கள்: முதுகு உள்ளங்கையில், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், இறுக்காமல். மறு கையால் இறக்கையை மெல்ல விரியுங்கள். வெளி ஓரத்தில் மிகச் சிறிய இறகு ஒன்று தெரியும். அதுதான் 1-ஆம் முதன்மை இறகு (இறக்கையின் வெளிப்பகுதியில் உள்ள பறப்பு இறகுகளே முதன்மை இறகுகள்). அங்கிருந்து உள்நோக்கி எண்ணி 3, 4, 5, 6-ஆம் இறகுகளின் வெளி விளிம்பைப் பாருங்கள். சீவிய பென்சில் முனைக்கு அருகே சட்டென்று மெலிவதுபோல, இறகின் வெளிப்பட்டை ஓர் இடத்தில் உள்வாங்கிக் குறுகும். இதைக் குடைவு என்கிறோம். சிஃப்சாஃபில் 3 முதல் 6 வரை நான்கு இறகுகளிலும் குடைவு இருக்கும். வில்லோ வார்ப்ளரில் 3 முதல் 5 வரை மட்டுமே; 6-ஆம் இறகின் விளிம்பு வளைவின்றி நேராக ஓடும்.

அடுத்தது 2-ஆம் இறகின் நுனி. இறக்கையை முக்கால்வாசி மூடி, அந்த நுனி எந்த இரு இறகுகளின் நுனிகளுக்கு நடுவே நிற்கிறது என்று பாருங்கள். சிஃப்சாஃபில் பெரும்பாலும் 7-க்கும் 8-க்கும் இடையே அல்லது அதையொட்டி. வில்லோ வார்ப்ளரில் பெரும்பாலும் 5-க்கும் 6-க்கும் இடையே. நெடுந்தூரம் பறந்து சகாராவைக் கடக்கும் பறவையின் இறக்கை கூர்மையாகவும், குறைந்த தூரம் போகும் பறவையின் இறக்கை மழுங்கியும் இருக்கும். இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள காரணம் அதுதான்.

6-ஆம் இறகின் குடைவு மங்கலாகத் தெரிகிறது. என்ன செய்வது?

இளம் சிஃப்சாஃபில் அது மங்கலாக இருக்கலாம். அரிதாகச் சில வில்லோ வார்ப்ளர்களிலும் 6-இல் லேசான வளைவு தெரியும். அதனால் குடைவை மட்டும் நம்பாமல் 2-ஆம் இறகின் நிலையையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். இறக்கையை வானத்தின் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் குடைவு தெளிவாகும். கால் நிறம் துணைக்கு உதவும். சிஃப்சாஃபின் கால் கருமை. வில்லோ வார்ப்ளரின் கால் பெரும்பாலும் வெளிர் பழுப்பு. ஆனால் கறுத்த கால் உள்ள வில்லோ வார்ப்ளர்களும் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். இறகு முழுதாக வளர்ந்துவிட்டதா? அடியில் மெழுகுபோன்ற உறை ஒட்டியிருந்தால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரும் இறகையோ முனை ஒடிந்த இறகையோ வைத்துப் போடும் கணக்கு தவறாகவே முடியும். மறு இறக்கையைப் பாருங்கள். அதுவும் அப்படியே இருந்தால் அளவை எழுதாமல் விடுங்கள்.

என் எண்கள் கையேட்டோடு பொருந்தவே இல்லை. எங்கே தவறுகிறேன்?

பத்தில் ஒன்பது முறை தவறு எண்ணத் தொடங்கிய இடத்தில்தான். ஒன்று, அந்தச் சின்ன 1-ஆம் இறகு, பறப்பு இறகுகளின் அடியை மூடியிருக்கும் மேல்மூடு இறகுகளோடு ஒட்டிக் கிடக்கும். அதைக் கவனிக்காமல் 2-ஐ 1 என்று எண்ணினால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். சிஃப்சாஃப் வில்லோ வார்ப்ளராகிவிடும். இரண்டு, எண்ணும் திசை. ஐரோப்பிய வளையமிடும் கையேடுகளில் இறக்கை அமைப்பை வெளியிலிருந்து உள்ளே எண்ணுவது வழக்கம். இறகுதிர்ப்பு பற்றிய நூல்கள் பலவற்றில் உள்ளிருந்து வெளியே எண்ணுவார்கள். அவற்றில் நம் 1-ஆம் இறகு 10-ஆம் இறகாக வரும். கையேட்டின் முதல் பக்கங்களில் எந்த முறை என்று சொல்லியிருப்பார்கள். அதைப் படித்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். பதிவேட்டிலும் எந்த முறை என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

இறக்கை நீளத்தை வைத்துத் துணையினம் சொல்ல முடியுமா?

முடியாது. கொல்லிபீட்டாவைவிட அபியெட்டினஸும் டிரிஸ்டிஸும் சராசரியாகச் சற்று நீண்ட இறக்கை உள்ளவை. ஆனால் ஆண் பறவையின் இறக்கை பெண்ணைவிட நீளம். ஒரே துணையினத்துக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம், துணையினங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. 60 மில்லிமீட்டர் இறக்கை மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

இருந்தாலும் அளவு எடுங்கள், சரியாக எடுங்கள். முனையில் தடுப்பு உள்ள இறக்கை அளவுகோலில் மணிக்கட்டு தடுப்பைத் தொட வேண்டும். இறக்கையைத் தட்டையாக அழுத்தி, பக்கவாட்டில் நேராக்கி, மிக நீண்ட இறகின் நுனி எங்கே வருகிறது என்று பாருங்கள். அழுத்தாமல் எடுத்தால் அளவு குறையும், இழுத்தால் கூடும். ஒரே பறவையை இருவர் அளந்து 1 மில்லிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். அதனால் ஒரு நிலையத்தில் எல்லாரும் ஒரே பறவைகளை அளந்து, எண்களை ஒப்பிட்டுப் பழகுவது அவசியம். வசந்தத்தில் பிடிபடும் பறவையின் இறகு நுனி தேய்ந்திருக்கும். அந்த அளவையும் இலையுதிர்கால அளவையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

சரி, டிரிஸ்டிஸ் என்று சொல்ல எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நிறம்தான் இங்கே சாட்சி. ஆனால் எந்த இடத்தின் நிறம் என்பதுதான் முக்கியம். 'சாம்பலாக இருந்தது' என்ற குறிப்பு பிறகு யாருக்கும் பயன்படாது.

முதலில் மஞ்சள். கண்ணுக்கு மேலே ஓடும் புருவக் கோடு, கண் வளையம், தொண்டை, மார்பு ஆகிய இடங்களில் மஞ்சள் கீற்று இருக்கிறதா என்று இறகை ஊதி விலக்கிப் பாருங்கள். கொல்லிபீட்டாவிலும் பெரும்பாலான அபியெட்டினஸிலும் மெல்லிய மஞ்சள் கீற்றுகள் கிடைக்கும். நல்ல டிரிஸ்டிஸில் மஞ்சள் இருப்பது இறக்கையின் வளைவிலும் (மணிக்கட்டு மடங்கும் இடம்) இறக்கையின் அடிப்புறத்திலும் மட்டும். அங்கே பளிச்சென்ற மஞ்சளைப் பார்த்துப் பயந்து டிரிஸ்டிஸ் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது இருக்கத்தான் வேண்டும்.

அடுத்தது பச்சை. டிரிஸ்டிஸின் தலை உச்சியும் முதுகும் பழுப்பு கலந்த சாம்பல். அங்கே பச்சை இருக்காது. பறப்பு இறகுகளின் ஓரம், வால் இறகுகளின் ஓரம், பிட்டம், தோள் பகுதி ஆகிய இடங்களில் மட்டும் ஆலிவ் பச்சை ஒட்டியிருக்கும். கொல்லிபீட்டாவின் முதுகே பச்சை கலந்த பழுப்பு.

மூன்றாவது முகம். புருவக் கோட்டிலும் கன்னத்திலும் மணல் நிறம் அல்லது லேசான செம்பழுப்பு படர்ந்திருப்பது டிரிஸ்டிஸின் அழகான அடையாளம். மார்பின் பக்கங்களிலும் அதே சாயல் இறங்கும். சாம்பல் நிற அபியெட்டினஸின் முகத்தில் இந்தச் சூடான நிறம் இருக்காது.

கடைசியாக அலகும் காலும். டிரிஸ்டிஸில் இரண்டும் மைக் கறுப்பு. கொல்லிபீட்டாவில் கீழ் அலகின் ஓரமும் அடியும் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தெரியும். பாதத்தின் அடிப்புறம் எல்லாவற்றிலும் வெளிறியே இருக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நன்கு புதிய இறகுள்ள டிரிஸ்டிஸில் பெரு மேல்மூடு இறகுகளின் நுனி வெளுத்து, இறக்கையில் மங்கிய கோடுபோலத் தெரியலாம்.

இவை எல்லாம் ஒன்றாகப் பொருந்தினால் மட்டுமே அது டிரிஸ்டிஸ். மூன்று பொருந்தி ஒன்று உதைத்தால், உதைப்பது எது என்று குறிப்பில் எழுதுங்கள்.

வலைக்கு அருகில் பச்சையாகத் தெரிந்த பறவை, மேசைக்குக் கொண்டுவந்ததும் சாம்பலாகிவிட்டதே?

ஒளிதான் காரணம். புதருக்கு அடியில் நின்றால் இலைகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பறவையின் வயிற்றையே பச்சையாக்கும். சிவப்பு மழைச்சட்டை போட்டுக்கொண்டு பறவையைப் பிடித்தால் மார்பில் செம்பழுப்பு ஏறும். அதிகாலையின் நீல வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல். மேகமூட்டமான வெளிச்சத்தில், புதரிலிருந்து சில அடி தள்ளி, வெயில் நேரடியாகப் படாத இடத்தில் பாருங்கள். கூடவே அதே நாளில் பிடிபட்ட ஒரு சாதாரண கொல்லிபீட்டாவை வேறொருவர் பக்கத்தில் பிடித்துக் காட்டினால் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும். தனியாகப் பார்க்கும்போது 'அப்பட்டமான சாம்பல்' என்று தோன்றிய பறவை, ஒப்பிட்டால் சாதாரண அபியெட்டினஸாக முடிவதுண்டு.

எந்தப் படங்கள் எடுக்க வேண்டும்?

ஐந்து போதும்: தலையின் பக்கவாட்டுத் தோற்றம், முதுகும் பிட்டமும், மார்பு, விரித்த இறக்கையின் மேற்புறம், இறக்கை வளைவின் அடிப்புறம். ஒவ்வொரு படத்திலும் சாம்பல் நிற அட்டை ஒன்று ஓரத்தில் இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம், மென்மையான மஞ்சளை அது அழித்துவிடும். கேமராவின் தானியங்கி வண்ணச் சமன்பாட்டை அணைத்துவிட்டு, அந்த அட்டையை வைத்து நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

நெற்றியில் ஆரஞ்சு நிறம் படிந்திருக்கிறதே, அது என்ன அடையாளம்?

மகரந்தம். பூக்களில் தேன் குடிக்கும்போது அலகின் அடியிலும் நெற்றியிலும் ஒட்டிக்கொள்ளும். சில சமயம் கெட்டியாகி கொம்புபோல நிற்கும். அடையாளத்துக்குப் பயன்படாது. புருவக் கோட்டின் முன்பகுதியை மறைத்திருந்தால், அந்தப் பகுதியைப் பற்றிக் கருத்து சொல்ல வேண்டாம்.

வயது தெரிவது எதற்காக?

இளம் பறவையின் இறக்கை சராசரியாகச் சற்றுக் குட்டை, குடைவும் மங்கல். வயது தெரியாமல் அளவுகளை ஒப்பிட்டால் எல்லாம் குழம்பும். கோடையின் முடிவில் வளர்ந்த பறவை எல்லா இறகுகளையும் புதுப்பித்துக்கொள்கிறது. அந்த ஆண்டு பிறந்தது உடல் இறகுகளையும் இறக்கை மூடு இறகுகளில் சிலவற்றையும் மட்டும் மாற்றுகிறது. அதனால் இலையுதிர் காலத்தில் இளம் பறவையின் வால் இறகுகள் ஒடுங்கிக் கூராகவும் சற்றுத் தேய்ந்தும், வளர்ந்ததன் வால் இறகுகள் அகன்று உருண்டும் இருக்கும். பெரு மேல்மூடு இறகுகளில் புதியதும் பழையதும் சந்திக்கும் எல்லை தெரிந்தால் அது இளம் பறவை. ஐரோப்பிய வயதுக் குறியீட்டில் அந்த ஆண்டு பிறந்தது 3, அதற்கு முன் பிறந்தது 4. சிஃப்சாஃபில் வால் வடிவம் பல முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அப்போது 2 என்று எழுதுவதே நேர்மை. முழுதாகப் பறக்கக்கூடியது, வயது தெரியவில்லை என்பதே அதன் பொருள்.

குரல் உதவுமா?

மிகவும் உதவும், பறவையை விட்ட பிறகு. கொல்லிபீட்டாவின் அழைப்பு 'ஹுயீட்' என்று மேலேறும். டிரிஸ்டிஸின் அழைப்பு ஏற்ற இறக்கம் இல்லாமல் 'ஈப்' என்று நேராக, கோழிக்குஞ்சு தனித்துக் கத்துவதுபோல ஒலிக்கும். விடும் இடத்துக்கு எதிரே ஒருவர் கைபேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி வைத்துக்கொண்டு நிற்கட்டும். பறவை முதல் புதரில் அமர்ந்ததும் கூப்பிட வாய்ப்புண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: இலையுதிர் காலத்தில் மற்ற சிஃப்சாஃப்களும் வழக்கத்துக்கு மாறான குரல்கள் எழுப்பும். காதால் கேட்டு எழுதியதைவிட ஒலிப்பதிவுக்கே மதிப்பு.

டிஎன்ஏ பரிசோதனைக்கு இறகு அனுப்பலாமா?

அனுப்பலாம். பறவையை வைக்கும் பையிலோ கையிலோ தானாக உதிர்ந்த உடல் இறகு ஒன்றிரண்டு போதுமானது, அடித்தண்டு முழுதாக இருக்க வேண்டும். செல்கள் இருப்பது அங்கேதான். இடுக்கியால் எடுத்து காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுப்போகும். உறையின் மேல் வளைய எண், தேதி, இடம் எழுதுங்கள். இறகைப் பிடுங்குவது வேறு விஷயம். அதற்குத் தனி அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. பிரிட்டனில் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் காலின்சன் குழு இப்படிப்பட்ட இறகுகளைப் பரிசோதித்து வந்திருக்கிறது.

முடிவை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். வழக்கமாகப் பார்ப்பது மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். தந்தை அபியெட்டினஸாக இருந்தாலும் தாய் டிரிஸ்டிஸ் என்றால் முடிவு 'டிரிஸ்டிஸ்' என்றுதான் வரும்.

அப்படியானால் கலப்புப் பறவைகள் உண்டா?

உண்டு. யூரல் பகுதியில் அபியெட்டினஸும் டிரிஸ்டிஸும் சந்தித்துக் கலக்கின்றன. அந்தப் பக்கத்து மேற்கு சைபீரியப் பறவைகளுக்கு, முதுகில் கொஞ்சம் ஆலிவும் மார்பில் கொஞ்சம் மஞ்சளும் இருப்பதால், ஃபுல்வெசென்ஸ் என்ற தனிப் பெயரும் புழக்கத்தில் உண்டு. இது தனித் துணையினமா, டிரிஸ்டிஸின் மேற்கத்திய வடிவமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வலையில் விழும் 'கிட்டத்தட்ட டிரிஸ்டிஸ்' பறவைகளில் சில இங்கிருந்து வந்தவையாக இருக்கலாம்.

இவ்வளவையும் பார்க்கப் பறவை தாங்குமா?

வளையம், வயது, இறக்கை, எடை எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். பிரிட்டனில் இதற்கு ஏஏ அளவு வளையம், உள்விட்டம் 2.0 மில்லிமீட்டர். துணையினத்துக்கான சோதனையையும் படங்களையும் சில நிமிடங்களுக்குள் அடக்குங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கண்ணை மூடி இறகைச் சிலிர்த்தாலோ, எது பாக்கி இருந்தாலும் உடனே விட்டுவிடுங்கள். நவம்பர் மாலையில் 6 கிராம் பறவை இரவைக் கடக்க இரை தேட வேண்டியிருக்கிறது. அந்த அரை மணி நேரத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதிவேட்டில் என்ன எழுதுவது?

சிஃப்சாஃப் என்று எழுதுங்கள். துணையினக் கட்டத்தை, மேலே சொன்ன எல்லாம் பொருந்தி, படமும் இருந்தால் மட்டும் நிரப்புங்கள். குறிப்பில் முடிவை எழுதாமல், பார்த்ததை எழுதுங்கள்: 'புருவத்தில் மஞ்சள் இல்லை, கன்னம் மணல் நிறம், முதுகில் பச்சை இல்லை, பிட்டத்தில் ஆலிவ், அலகு கறுப்பு, விட்டபின் ஈப் என்ற குரல், பதிவு உண்டு.' அளவுகோல்கள் மாறினாலும் இப்படிப்பட்ட குறிப்பை மீண்டும் எடைபோட முடியும். 'டிரிஸ்டிஸ் மாதிரி' என்ற இரண்டு சொல்லை வைத்து எதுவும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் இந்தப் பயிற்சி எதற்கு? இங்கே சிஃப்சாஃப் வருவதே அரிதாயிற்றே?

உண்மை, டிரிஸ்டிஸைப் பார்க்க வட இந்தியச் சமவெளிக்குத்தான் போக வேண்டும். ஆனால் இறக்கையைப் படிக்கும் முறை ஒன்றேதான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாக வளையமிடும் கோடியக்கரையில், பிளைத் நாணல் கதிர்க்குருவியையும் வயல் கதிர்க்குருவியையும் பிரிக்கவும் இதே குடைவுக் கணக்குதான் கைகொடுக்கும்: பிளைத்தில் பொதுவாக 3, 4-ஆம் இறகுகளில் தெளிவான குடைவு, வயல் கதிர்க்குருவியில் 3 முதல் 5 வரை. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் இங்கே வலை கட்ட முடியாது என்பதால், அனுமதி பெற்ற குழுவோடு சேர்ந்து பழகுவதே வழி. அங்கேயும் முதல் நாள் கற்றுக்கொள்ள வேண்டியது, மேல்மூடு இறகுகளுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன 1-ஆம் இறகைக் கண்டுபிடிப்பதுதான்.